அனுப்பின மெயில் ஆபீஸ்ல ஏன் இல்ல?

ஒரத்தநாட்டுப் பக்கம் வயல் ஓரமா நின்னு போன்லேந்து ஒரு விலைப்பட்டியல் அனுப்பறார் அரிசி ஆலைக்காரர். வாங்கறவருக்குப் போய்ச் சேர்ந்தாச்சு, "சரி"ன்னு பதிலும் வந்தாச்சு. ஆனா தஞ்சாவூர் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல 'சென்ட்' ஃபோல்டரைத் திறந்தா அந்த மெயில் இல்ல. பில் போடற பையனுக்கு விலை மாறினதே தெரியாது. அவன் பழைய விலையில இன்னொரு மெயிலைத் தட்டி விட்டுடறான்.

அரிசி ஆலைன்னு இல்ல. சுவாமிமலையில வெளிநாட்டு ஆர்டர் எடுக்கற சிற்பக்கூடமா இருக்கட்டும், கும்பகோணத்துப் பட்டுக் கடையா இருக்கட்டும், மன்னார்குடியில ஒரு காலேஜ் ஆபீஸா இருக்கட்டும். ஒரே கணக்கை ரெண்டு போன், ஒரு கம்ப்யூட்டர்ல வச்சிருக்கற எந்த இடத்துலயும் இது நடக்கும். உடனே ஒரு தீர்ப்பு வரும்: "நெட் ஸ்லோ சார்."

நெட் மேல பழி போடாதீங்க. நெட் தன் வேலையை ஒழுங்காத்தான் பண்ணியிருக்கு.

விஷயம் என்னன்னா, மெயில் அனுப்பறதும், அனுப்பினதுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கறதும் ரெண்டு தனித்தனி வேலை. அனுப்பற வேலை எஸ்எம்டிபி-ங்கற விதிமுறையோடது. அது மெயிலை வாங்கும், அடுத்த சர்வர்கிட்ட ஒப்படைக்கும், அதோட அதன் கடமை முடிஞ்சுது. 'சென்ட்' ஃபோல்டர்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. அந்த ஃபோல்டர்ல நகல் போடணும்னா போன் ரெண்டாவது தடவையா சர்வர்கிட்ட போய், ஐமேப்ங்கற இன்னொரு விதிமுறை வழியா அதே மெயிலை இன்னொரு முறை ஏத்தணும். போட்டோவோட சேர்த்து அஞ்சு எம்பி ஆகற மெயில்னா அஞ்சும் அஞ்சும் பத்து எம்பி. (ஜிமெயில் மாதிரி சில இடங்கள்ல சர்வரே நகல் எடுத்து வச்சுக்கும். சாதாரண ஹோஸ்டிங் சர்வர்ல பெரும்பாலும் போன்தான் ஏத்தணும்.)

சரி, போன் ஏத்திடுச்சுன்னே வச்சுக்குவோம். எந்த ஃபோல்டர்ல ஏத்துச்சு?

இங்கதான் குழப்பமே. ஐமேப் விதிமுறையில கட்டாயம்னு சொல்லி வச்சிருக்கற ஃபோல்டர் பேர் ஒண்ணே ஒண்ணுதான்: இன்பாக்ஸ். மத்தது எல்லாம் அவங்கவங்க இஷ்டம். ஒரு ஆப் 'சென்ட்'னு போடும், அவுட்லுக் 'சென்ட் ஐட்டம்ஸ்'னு போடும், ஆப்பிள் 'சென்ட் மெசேஜஸ்'னு போடும். மூணும் ஒரே சர்வர்ல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும். முதலாளியோட ஐபோன் ஒண்ணுல போடுது, மேனேஜரோட ஆண்ட்ராய்டு இன்னொண்ணுல போடுது, ஆபீஸ் கம்ப்யூட்டர் மூணாவதைத் திறந்து பார்த்துட்டு "ஒண்ணும் இல்லியே"ன்னு சொல்லுது. எல்லா மெயிலும் பத்திரமாத்தான் இருக்கு, பார்க்கற இடம்தான் வேற.

இதைச் சரி பண்ண 2011-ல ஒரு விதி வந்துச்சு (ஆர்எஃப்சி 6154). ஃபோல்டரோட பேர் எதுவா வேணா இருக்கட்டும், "இதுதான் அனுப்பினது, இது குப்பை, இது வரைவு"ன்னு சர்வரே அடையாளம் ஒட்டிச் சொல்லிடலாம்ங்கறது அதோட சாரம். நல்ல ஏற்பாடு. ஆனா பழைய சர்வரும் பழைய ஆப்பும் சேர்ற இடத்துல இன்னும் கையாலதான் பண்ணணும். ஐபோன் மெயில்ல கணக்கோட 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய், சென்ட், டிராஃப்ட்ஸ், டிராஷ் மூணுக்கும் சர்வர்ல எந்த ஃபோல்டர்னு காட்டி விடணும். ஒரே ஒரு தடவை பண்ற வேலைதான். இதை யாரும் சொல்லிக்கொடுக்காததால எத்தனை ஆபீஸ்ல எத்தனை சண்டை!

இதுக்கு மேல இன்னொரு அடிப்படை விஷயம் இருக்கு. மெயிலோட அசல் எங்க இருக்கு?

1984-ல பாப்னு ஒரு முறை வந்துச்சு, 1988-ல அதோட மூணாம் பதிப்பு. இன்னிக்கும் ஓடிட்டிருக்கற பாப்-3 அதுதான். அதோட வழக்கம் ரொம்ப எளிமை: சர்வருக்குப் போ, இருக்கற மெயிலை எல்லாம் இறக்கு, சர்வரைக் காலி பண்ணு, இணைப்பைத் துண்டி. டயல்-அப் லைன்ல நிமிஷத்துக்குக் காசு கொடுத்த காலத்துக்கு அது சரியான முறை. அதுக்கு ஃபோல்டர்னா என்னன்னே தெரியாது. ஒரே ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆக பாப்-3 வச்சுக்கிட்டு "ஃபோல்டர் சிங்க் ஆகல"ன்னு வருத்தப்படறதுல பலனே இல்ல, சிங்க் பண்றதுக்கு அங்க ஃபோல்டரே கிடையாது.

ஆனா காவிரி டெல்டாவுல சின்ன நிறுவனங்களுக்கு எப்பவோ ஒருத்தர் வந்து வெப்சைட் போட்டுக் கொடுத்திருப்பார். அதோட இலவசமா நாலு மெயில் ஐடி. அவுட்லுக்ல பாப்-3-ன்னு போட்டுக் கொடுத்துட்டுப் போயிருப்பார். கம்ப்யூட்டர் ஒண்ணே ஒண்ணா இருந்தவரைக்கும் பிரச்சினை வரல. அப்புறம் போன் வந்துச்சு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலை சரிஞ்சதும் எல்லார் போன்லயும் ஆபீஸ் மெயில் ஏறிடுச்சு. கம்ப்யூட்டர் முதல்ல எடுத்துட்டா போனுக்கு வராது, போன் முதல்ல எடுத்துட்டா கம்ப்யூட்டருக்கு வராது. "சர்வர்ல ஒரு நகல் விடு"ன்னு டிக் பண்ணினா ரெண்டுக்கும் வரும், ஆனா போன்ல படிச்சது ஆபீஸ்ல படிக்காததாவே நிக்கும், போன்ல அழிச்சது ஆபீஸ்ல அப்படியே இருக்கும்.

இந்தத் தொல்லையை முன்கூட்டியே பார்த்தவர் மார்க் கிறிஸ்பின். 1986-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல இருந்தப்ப ஐமேப்பை வடிவமைச்சார். அப்ப கையில போன் கிடையாது. ஒரே ஆள் பல கம்ப்யூட்டர்ல உட்கார்றாங்க, எங்க உட்கார்ந்தாலும் ஒரே மெயில்பெட்டி தெரியணும்ங்கறதுதான் அவரோட தேவை. அதனால அசல் எப்பவும் சர்வர்லயே இருக்கட்டும்னு முடிவு பண்ணினார். அப்புறம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய், ரெண்டு பத்தாண்டு கிட்டத்தட்ட அதையே செதுக்கிட்டிருந்தார். 2012 டிசம்பர்ல காலமானார். இன்னிக்குத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒருத்தர் போன்ல ஒரு மெயிலை 'கொள்முதல்' ஃபோல்டருக்கு நகர்த்தினதும் அது ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் நகருதுன்னா, அதுக்குப் பின்னால அந்த மனுஷனோட உழைப்பு இருக்கு. அவர் பேர் இன்னும் நிறைய பேருக்குத் தெரியணும்.

டெல்டாக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க தாலுகா ஆபீஸ் போதும். நில ரெஜிஸ்டர் அங்கதான் இருக்கும், நம்ம கையில இருக்கற சிட்டா நகல்தான். பாப்-3 அந்த ரெஜிஸ்டரையே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடற வேலை. ஐமேப்ல ரெஜிஸ்டர் நகராது, அதுல யார் திருத்தினாலும் எல்லாருக்கும் திருத்தினபடியே தெரியும்.

அப்ப ஐமேப் போட்டாச்சு, எல்லாம் சரியாயிடுமா?

பாதி சரியாகும்.

மீதிப் பாதி, புது மெயில் வந்ததும் போன்ல மணி அடிக்கற விவகாரம். ஆபீஸ்ல ஒரு நல்ல ஆள் உட்கார்ந்து சர்வர்ல விதி எழுதி வச்சிருப்பார்: கொள்முதல் சம்பந்தமா வர்ற மெயில் எல்லாம் 'கொள்முதல்' ஃபோல்டருக்கு, பேங்க்லேந்து வர்றது 'வங்கி' ஃபோல்டருக்கு. பார்க்க ஒழுங்கா இருக்கும். அன்னிக்குலேந்து மேனேஜர் போன் அமைதியாயிடும். முக்கியமான மெயில் சாயங்காலம் வரைக்கும் யார் கண்ணுலயும் படாது.

காரணம் இது. புது மெயில் வந்ததும் சர்வர் தானா போனைக் கூப்பிடறதுக்கு ஐமேப்ல 'ஐடில்'னு ஒரு கட்டளை 1997-ல சேர்த்தாங்க. ஆனா ஒரு இணைப்புல அது ஒரே ஒரு ஃபோல்டரைத்தான் கவனிக்கும். போன் சாதாரணமா இன்பாக்ஸைத்தான் கவனிக்கச் சொல்லும். விதிப்படி மெயில் நேரா 'கொள்முதல்'ல விழுந்தா இன்பாக்ஸ்ல அசைவே இல்ல, போனுக்குத் தகவலும் இல்ல. பல ஃபோல்டரை ஒரே நேரத்துல கவனிக்க 2009-ல இன்னொரு விதி வந்துச்சு. அதை எடுத்துக்கிட்ட சர்வரும் ஆப்பும் ரொம்பக் கம்மி.

ஐபோனோட மெயில் ஆப் பொதுவான ஐமேப் கணக்குக்கு ஐடில் முறையையே பயன்படுத்தறது இல்ல. கால் மணிக்கு ஒரு தடவை, அரை மணிக்கு ஒரு தடவைன்னு தானே போய்ப் பார்த்துட்டு வரும். ஆண்ட்ராய்டுல வேற கதை. 2015-ல ஆண்ட்ராய்டு 6-லேந்து, சும்மா கிடக்கற போனைத் தூங்க வைக்கற ஏற்பாடு வந்துச்சு. நம்மூர்ல அதிகம் விக்கற சில போன் வகைகள் அதுக்கு மேல தங்களோட சொந்த பேட்டரிக் கட்டுப்பாட்டையும் போட்டு, பின்னணியில ஓடற மெயில் ஆப்பையே நிறுத்திடுது. அந்த ஆப்புக்கு மட்டும் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி கொடுத்து, பேட்டரிக் கட்டுப்பாட்டுலேந்து விலக்கு கொடுத்தாத்தான் மணி அடிக்கும். இந்த ரெண்டு அமைப்பையும் பார்க்காம சர்வர் கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டறது வீண்.

மைக்ரோசாஃப்ட்டோட ஆக்டிவ்சிங்க் இந்த இடத்துல நல்ல முறை. போன் முதல்ல சர்வர்கிட்ட ஃபோல்டர் பட்டியலைக் கேட்டு வாங்கும். அப்புறம் "இந்த இந்த ஃபோல்டர்ல மாற்றம் வந்தா சொல்லு"ன்னு ஒரு கோரிக்கையை அனுப்பிட்டு, பதில் வர்ற வரைக்கும் இணைப்பைத் திறந்தே வச்சிருக்கும். பல ஃபோல்டரை ஒண்ணா அந்தப் பட்டியல்ல சேர்க்கலாம். 2008 ஜூலையில ஐபோனுக்கும் இது வந்துச்சு. ஆனா அங்கயும் போன் இயல்பா இன்பாக்ஸை மட்டும்தான் கேட்கும், மத்த ஃபோல்டரை நாமதான் தேர்ந்தெடுக்கணும். (அமைப்புகள்ல 'ஃபெட்ச் நியூ டேட்டா'ன்னு இருக்கற இடத்துக்குள்ள கணக்கைத் தொட்டா ஃபோல்டர் பட்டியல் வரும், வேணுங்கறதுக்கு டிக் போடணும்.) இப்படி ஒரு பட்டியல் இருக்கறதே தெரியாம வருஷக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க.

டெல்டாவுல சிக்னல் போயிட்டா என்ன ஆகும்ங்கறதையும் சொல்லணும். 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்ப, லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாஞ்சுது. செல்போன் டவருக்கும் கரண்ட் இல்ல. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை பக்கம் பல ஊர் நாள் கணக்குல தொடர்பில்லாம கிடந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல போன்ல ஏற்கெனவே இறங்கியிருக்கற நகல்தான் கையில மிஞ்சும். ஜிமெயில் ஆப் இயல்பா கடைசி 30 நாள் மெயிலைத்தான் போன்ல வச்சிருக்கும். இன்சூரன்ஸ் பாலிசி மெயில் போன ஜூன்ல வந்ததுன்னா, சிக்னல் இல்லாதப்ப அது கிடைக்காது. ஐப்பசி மழைக்கு முன்னாடியே அந்த எண்ணிக்கையைக் கூட்டி வச்சுக்கறது நல்லது, போன்ல இடம் இருந்தா.

இன்னொண்ணு. சிக்னல் இல்லாதப்ப 'அனுப்பு' அழுத்தின மெயில் 'அவுட்பாக்ஸ்'ல நிக்கும். அந்த ஃபோல்டர் போன்ல மட்டும்தான் இருக்கு, அது சர்வருக்குப் போறது இல்ல. போன் தண்ணில விழுந்தா மெயிலும் சேர்ந்து போச்சு. ஆனா சிக்னல் இல்லாதப்ப படிச்சது, நகர்த்தினது, அழிச்சது எல்லாத்தையும் போன் குறிச்சு வச்சுக்கிட்டு, இணைப்பு வந்ததும் சர்வர்ல வரிசையாச் செய்யும். இந்தப் பகுதி அருமையா வேலை செய்யும், நம்பலாம்.

அதுக்கு உதவறது ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் கொடுக்கற வரிசை எண். ஒரு ஃபோல்டர்ல ஒரு மெயிலுக்குக் கொடுத்த எண்ணை இன்னொண்ணுக்குக் கொடுக்காது. போன் அந்த எண்ணை வச்சுத்தான் "எனக்கு 4,210 வரைக்கும் தெரியும், அதுக்கு மேல என்ன இருக்கு?"ன்னு கேட்கும். இதோட ஃபோல்டருக்கே ஒரு செல்லுபடி எண்ணும் உண்டு. ஹோஸ்டிங் கம்பெனி சர்வரை மாத்தினா இந்தச் செல்லுபடி எண்ணும் மாறலாம். மாறிட்டா போன் தன்கிட்ட இருக்கற நகல் மொத்தத்தையும் தூக்கி எறிஞ்சுட்டு முதல்லேந்து இறக்க ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணரை ஜிபி பிளான் காலை எட்டு மணிக்கே தீர்ந்துபோறதோட ரகசியம் சில நாள் இதுதான். சர்வர் மாத்தப்போறாங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கு ஒரு நாள் போனை ஆபீஸ் வைஃபைல போட்டு வைக்கலாம்.

தமிழ்ல ஃபோல்டர் பேர் வைக்கறவங்களுக்கு (வைக்கணும், தயங்கவே வேண்டாம்) ரெண்டு மூணு விஷயம் தெரிஞ்சிருந்தா நல்லது.

ஐமேப் பிறந்தப்ப அதுக்கு ரோமன் எழுத்து மட்டும்தான் தெரியும். மத்த மொழிப் பேர்களுக்காக ஒரு சுத்துவழி பண்ணினாங்க. தமிழ்ப் பேரை ரோமன் எழுத்தும் எண்ணுமா மாத்தி, முன்னால '&', பின்னால '-' போட்டு சர்வர்ல எழுதுவாங்க. 'கொள்முதல்'ங்கற பேர் சர்வர்ல 26 எழுத்துச் சரமா நிக்கும். ஆப் அதைத் திருப்பித் தமிழாக்கிக் காட்டும். காட்டத் தெரியாத பழைய வெப்மெயில்ல அந்த அர்த்தமில்லாத சரம்தான் தெரியும். அதைப் பார்த்து வைரஸ்னு பயந்து அழிச்சுடாதீங்க. உள்ள சீசன் மொத்தக் கணக்கும் இருக்கும். 2021 ஆகஸ்ட்ல வந்த ஐமேப் புதுப் பதிப்புல (ஆர்எஃப்சி 9051) இந்தச் சுத்துவழி வேண்டாம், யுனிகோடு நேரடியாவே போகலாம்னு ஆக்கிட்டாங்க. சர்வர்கள் ஒவ்வொண்ணா மாறணும்.

இன்னும் நுட்பமான ஒரு சிக்கல். 'கொ'வை சில கீபோர்டு கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியா அடிக்கும். சில கீபோர்டு கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியா அடிக்கும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் ஒண்ணுன்னு பார்த்துச் சேர்க்கத் தெரியாத சர்வருக்கு அது ரெண்டு வேற பேர். ஒரே மாதிரி ரெண்டு 'கொள்முதல்' ஃபோல்டர் பக்கத்துப் பக்கத்துல முளைச்சா இது காரணமா இருக்கலாம். ஃபோல்டரை ஒருத்தர், ஒரே இடத்துலேந்து உருவாக்கறதுதான் தீர்வு.

அப்புறம் புள்ளி. சில சர்வர்ல ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரைப் பிரிக்கற அடையாளம் சாய்கோடு. சி-பேனல் வகை ஹோஸ்டிங் சர்வர் பலதுல அந்த அடையாளம் புள்ளி. நம்ம ஊர்லயோ பேருக்கு முன்னாடி இனிஷியலும் புள்ளியும் இல்லாம ஆளே இல்ல. காரீஃப் கொள்முதல் பருவத்துக்கு நெல் வட்டாரத்துல எல்லாரும் சொல்ற 'கே.எம்.எஸ். 2024-25'ங்கற பேர்ல ஃபோல்டர் தொடங்கினா, அந்த மாதிரி சர்வர் 'கே'க்குள்ள 'எம்', அதுக்குள்ள 'எஸ்', அதுக்குள்ள '2024-25'ன்னு நாலு அடுக்கு கட்டிடும், இல்லேன்னா முடியாதுன்னு மறுத்துடும். புள்ளியை எடுத்துட்டு 'கேஎம்எஸ் 2024-25'ன்னு வச்சா எந்த சர்வர்லயும் பிரச்சினை இல்ல.

ஜிமெயில்ல இன்னொரு விதம். அதுல உண்மையில ஃபோல்டரே கிடையாது, லேபிள்தான். ஒரு மெயிலுக்கு ரெண்டு லேபிள் ஒட்டினா, ஐமேப் வழியா பார்க்கற ஆப்புக்கு அது ரெண்டு ஃபோல்டர்ல ரெண்டு மெயிலாத் தெரியும். ஒரு ஃபோல்டர்ல அழிச்சா இயல்பான அமைப்புல லேபிள்தான் உரியும், மெயில் 'ஆல் மெயில்'ல உயிரோட இருக்கும். "அழிச்சும் இடம் குறையல"ங்கறவங்க அங்க போய்ப் பார்க்கணும்.

பெரிய அளவுல நடந்த மாற்றம் ஒண்ணு தஞ்சாவூரோடயும் சம்பந்தப்பட்டது. மத்திய அரசோட மின்னஞ்சலுக்கான ஒப்பந்தம் 2023-ல ஜோஹோ நிறுவனத்துக்குப் போச்சு. சுமார் 12 லட்சம் அரசு ஊழியர் கணக்குகள் அதோட மென்பொருளுக்கு மாறின செய்தி 2025 அக்டோபர்ல வந்துச்சு. முகவரி பழையபடி அரசு முகவரியேதான். 1996-ல வேற பேர்ல தொடங்கின அந்த நிறுவனத்தை உருவாக்கினவங்கள்ல முக்கியமானவர் ஸ்ரீதர் வேம்பு, தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்துக் குடும்பத்துல வந்தவர். மெயில் சர்வர்ங்கறது எங்கயோ வெளிநாட்டுல யாரோ பண்ற சாமான்னு நினைச்சிட்டிருந்த தலைமுறைக்கு இது சந்தோஷமான சேதி. தஞ்சாவூர்லயே 2024 செப்டம்பர்ல மினி டைடல் பார்க் திறந்தாச்சு. சின்ன நிறுவனங்களுக்கு மெயிலை ஒழுங்கா அமைச்சுக் கொடுக்கற வேலையை அங்கேர்ந்தே யாராவது எடுத்துக்கிட்டா டெல்டாவுக்குப் பெரிய உபகாரம்.

இத்தனை வருஷமா ஓடின மெயில் ஒரு நாள் காலையில திடீர்னு நின்னு போறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 அக்டோபர் 1-லேந்து மைக்ரோசாஃப்ட் தன்னோட எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல வெறும் பாஸ்வேர்டு மட்டும் அனுப்பி உள்ள நுழையற பழைய முறையை ஒவ்வொரு நிறுவனக் கணக்கா மூட ஆரம்பிச்சுது. கூகுளும் அதே வழியில போச்சு. பழைய போன்ல பாஸ்வேர்டு சரியா இருந்தாலும் "தவறு"ன்னுதான் வரும். திரும்பத் திரும்ப பாஸ்வேர்டை மாத்திப் பிரயோஜனம் இல்ல. போன்லேந்து கணக்கை எடுத்துட்டு, புது ஆப்ல கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் பக்கம் திறந்து உள்ள போற முறையில மறுபடி சேர்க்கணும். எடுக்கறதுக்கு முன்னாடி அவுட்பாக்ஸ்ல ஏதாவது நிக்குதான்னு பார்த்துடுங்க. பாப்-3 கணக்குன்னா போன்ல மட்டும் இருக்கற பழைய மெயிலும் கணக்கோட சேர்ந்து போயிடும்.

சம்பா அறுவடையும் கொள்முதலும் சூடு பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு மதியம் இதுக்குன்னு ஒதுக்கலாம். கம்ப்யூட்டர்ல பாப்-3 இருந்தா ஐமேப்புக்கு மாத்துங்க. ஐமேப் கணக்கைச் சேர்த்துட்டு, பாப்-3 கணக்கை எடுக்கறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல இறங்கிக் கிடக்கற பழைய மெயிலை சர்வர் ஃபோல்டருக்கு இழுத்துப் போடுங்க, சர்வர்ல இடம் எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டு. அப்புறம் ஒவ்வொரு போன்லேந்தும் ஒரு மெயில் அனுப்பி, பிரவுசர்ல வெப்மெயிலைத் திறந்து பாருங்க. எல்லாமே ஒரே 'சென்ட்' ஃபோல்டர்ல வந்து விழுந்திருக்கணும். விழலேன்னா எந்த போனோடது வேற ஃபோல்டர்ல போச்சுன்னு அங்கயே தெரிஞ்சிடும், அந்த போனை மட்டும் எடுத்துத் திருத்தினாப் போதும்.